எட்டு லிட்டர் கியர் ஆயில்

சனிக்கிழமை காலை ஏழரை மணிக்கு மகுடேஸ்வரன் வீட்டில் மிக்ஸி ஓடவில்லை. அங்கேரிப்பாளையம் வாய்க்கால் வீதியில் குடியிருக்கும் யாரும் இதைச் சும்மா விட்டுவிட மாட்டார்கள். சாந்தாமணி சட்னி அரைக்கவில்லை என்றால் அந்த வீட்டில் யாருக்கோ உடம்பு சரியில்லை. இல்லையென்றால் யாருக்கோ மனசு சரியில்லை.

உடம்பெல்லாம் நன்றாகத்தான் இருந்தது. மகுடேஸ்வரன் குளித்து, திருநீறு பூசி, சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருந்தார். இட்லித் தட்டை அந்தப் பக்கம் தள்ளிவிட்டு, கார் சர்வீஸ் பில்லைப் படித்துக்கொண்டிருந்தார். மூன்றாவது தடவை. அவருடைய கல்யாணப் பத்திரிகையைக்கூட அவ்வளவு நிதானமாகப் படித்திருக்க மாட்டார்.

அது வெறும் பில்லாக இருந்தால் நமக்கென்ன வந்தது? அடியில் கையெழுத்துப் போட்டிருந்தது முகிலன். வருகிற புதன்கிழமை இந்த வீட்டுப் பெண் அனுப்ரியாவைப் பல்லடத்து மண்டபத்தில் நிச்சயம் செய்யப் போகிற அதே முகிலன்.

அறுபது மிஷின் வைத்துப் பனியன் ஏற்றுமதி செய்கிறவர், அவிநாசி ரோட்டுக் கார் கம்பெனியில் சர்வீஸ் அட்வைசராக இருக்கிற பையனுக்குப் பெண் கொடுப்பதா என்று வீதியே முகவாயில் கை வைத்தது. மூன்று மாதம் முரண்டு பிடித்தார் மகுடேஸ்வரன். பிறகு பல்லடம் போய் முகிலனையும் அவன் அப்பாவின் கோழிப்பண்ணையையும் பார்த்துவிட்டு வந்து, போன வாரம் சரி என்று தலையாட்டினார். எதைப் பார்த்து மனம் மாறினார் என்பதில் வீதியில் இரண்டு கட்சி உண்டு.

"சாந்தா, இங்க வா. இதைப் படி."

"எனக்கு இங்கிலீசு தெரியாதுங்க."

"நெம்பர் தெரியுமல்ல? அதைப் படி."

சாந்தாமணி ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு குனிந்தார். "பதினோராயிரத்து அறுநூத்து நாப்பது. என்னதுங்க இது?"

"கியர் ஆயில். டிரான்ஸ்மிஷன் ஃப்ளூயிட்டுன்னு போட்டிருக்கறான் உன்ற மருமகன். எம்பதாயிரம் கிலோமீட்டர் ஆயிப்போச்சாமா, மாத்தோணுமாமா."

"மாத்தோணும்னா மாத்தத்தானுங்க வேணும்."

"ஹைபிரிட் வண்டிடி அது. பாதி பெட்ரோல்ல ஓடும், பாதி கரண்டுல ஓடும். அப்பிடிப் பாத்தா ஆயிலும் பாதிதானே ஆகோணும்? எட்டு லிட்டர்னு போட்டிருக்கறான்!"

மகுடேஸ்வரன் பணத்துக்கு அழுகிறவர் அல்ல. வீட்டுக்குக் கிரானைட் போட்டபோது விலையே கேட்காமல் கல்லைத் தட்டிப் பார்த்து வாங்கியவர். ஆனால் இருபத்தாறு வருடமாக ஒரு பனியனுக்கு எத்தனை கிராம் துணி என்று கணக்குப் போட்டு வளர்ந்த மூளை. விலையை விட்டுவிடும், அளவை விடாது. அந்த 'எட்டு' அவருடைய கண்ணில் மணல் மாதிரி உறுத்தியது.

சரியாக அந்த நேரம் பார்த்து வாசலில் இன்னொரு கார் வந்து நின்றது. சாந்தாமணியின் தம்பி செல்வக்குமார், நிச்சயத்துக்கு நூறு தேங்காயோடு உடுமலைப்பேட்டையிலிருந்து வந்திறங்கினார்.

செல்வக்குமார் தாய்மாமன். மேடையில் முதல் மரியாதை அவருக்குத்தான். ஆனால் அவருக்கு வேண்டியிருந்தது அந்த மரியாதை இல்லை. தன் மகனுக்கு அனுப்ரியா. அது நடக்கவில்லை. அதற்கப்புறம் அவர் கொண்டுவரும் எந்தத் தேங்காயிலும் கொஞ்சம் அழுகல் இருக்கத்தான் செய்தது.

"ஏனுங் மாமா, முகம் இப்பிடி இருக்குது?"

பில் கை மாறியது. செல்வக்குமார் கண்ணாடியைத் தேடி மாட்டி, ஒரு வரி படித்து, நாக்கைச் சப்புக் கொட்டினார். அந்தச் சத்தத்தில் துக்கத்தைவிட சந்தோஷம் ஒரு பிடி அதிகம்.

"மாமா, என்ற வண்டியும் இதேதானுங்க. போன மாசந்தான் மாத்தினேன். பாருங்க." செல்போனில் ஒரு பில்லைக் காட்டினார். "நாலு லிட்டர். அஞ்சாயிரத்து எண்ணூறு."

"எங்க?"

"கோயமுத்தூர்லீங்க. அதுவும் கம்பெனி ஷோரூம்தான். வேற ஓனர்."

மகுடேஸ்வரன் இரண்டு பில்லையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். அதே வண்டி. அதே ஆயில். ஒன்றில் நாலு, ஒன்றில் எட்டு.

"நான் ஒண்ணும் சொல்லலீங்க மாமா," என்றார் செல்வக்குமார். இப்படித் தொடங்குகிறவர்கள் சொல்லாமல் விட்டதாகச் சரித்திரம் கிடையாது. "பொண்ணு குடுக்கறதுக்கு முந்தியே மாமனார் தலையில நாலு லிட்டர் ஆயில் தேய்ச்சுப்போட்டான். குடுத்ததுக்கப்பறம் என்னென்ன தேய்ப்பானோ!"

"தம்பி, வாயைக் கழுவு," என்றார் சாந்தாமணி. ஆனாலும் அவர் கண்ணும் பில்லைவிட்டு நகரவில்லை.

அறைக் கதவு திறந்தது. அனுப்ரியா வந்தாள். இருபத்தாறு வயது. அப்பா கம்பெனியில் மெர்ச்சண்டைசர். துணி வாங்குகிற வெளிநாட்டுப் பையரிடம் பேசுவதும் விலைப்பட்டியல் போடுவதும் அவள்தான். பேச்சு முழுக்கக் காதில் விழுந்திருக்கிறது என்பது முகத்தில் தெரிந்தது.

"ஃபோன் போட்டுக் கேட்டா முடிஞ்சுதுங்ப்பா."

"போடு கண்ணு."

போட்டாள். மணி அடித்தது. எடுக்கவில்லை. மறுபடி போட்டாள். அதுவும் எடுக்கவில்லை. செல்வக்குமார் கூரையைப் பார்த்தார்.

அனுப்ரியா மூன்றாவது தடவை போடவில்லை. காரணம் அவளுக்கு மட்டும் தெரியும். வியாழக்கிழமை முகிலன் ஒரு மெசேஜ் அனுப்பியிருந்தான்: 'வண்டியை நாளைக்கு அனுப்ப வேண்டாம். திங்கக்கிழமை அனுப்பு.' ஏன் என்று கேட்டாள். 'சும்மாதான்' என்று வந்தது.

சும்மா என்று வருகிற பதிலை மெர்ச்சண்டைசர்கள் நம்புவதில்லை. துணிக்குச் சாயம் போடுகிற டையிங்காரர் 'சும்மா ஒரு நாள் லேட்' என்பார். போய்ப் பார்த்தால் லாட்டே வேறு கலரில் கிடக்கும். ஏன் திங்கட்கிழமை? வெள்ளிக்கிழமை என்ன நடக்கிறது? யோசித்துக்கொண்டே அவள் அப்பாவிடம் சொல்லாமல் விட்டுவிட்டாள். வெள்ளிக்கிழமை டிரைவர் தவசி வண்டியை எடுத்துப் போனார். பில்லோடு திரும்பி வந்தார்.

"பொறப்படுங்க," என்றார் மகுடேஸ்வரன். "நேர்லயே கேட்டுப்போடலாம்."

"நானும் வாரேனுங் மாமா. பெரியவங்க ஒருத்தரு கூட இருந்தா நல்லது," என்றார் அவரைவிட எட்டு வயது இளைய செல்வக்குமார்.

இதற்குப் பிறகு நடந்தது எப்படித் தெரியும் என்று கேட்கக்கூடாது. வண்டியை ஓட்டியவரும், உள்ளே பின்னாலேயே போய் நின்றவரும் தவசி. டீக்கடையில் வாயை மூடிக்கொண்டு உட்கார அவருக்குத் தெரியாது.

*

வண்டி புஷ்பா தியேட்டர் சந்திப்பைத் தாண்டியது. பிறகு மகுடேஸ்வரன் முனகினார்.

"நாலு ஆகற எடத்துல எட்டுன்னு எழுதறதுக்கு எப்பிடிக் கை வருது?"

அனுப்ரியா சன்னல் பக்கம் பார்த்தபடி கேட்டாள். "ஏனுங்ப்பா, நம்ம பையருக்கு ஒரு டீசர்ட்டுக்கு எத்தனை கிராம் துணின்னு எழுதறோம்?"

"நூத்தித் தொண்ணூறு."

"ஆகறது?"

"நூத்தி எழுபத்தஞ்சு."

"மீதி பதினஞ்சு?"

"கட்டிங்ல வேஸ்ட் போகாதா?"

"வேஸ்டும் சேர்த்துத்தானுங்ப்பா எழுபத்தஞ்சு. காஸ்டிங் போட்டது நான்தானே."

தவசி கண்ணாடியில் பார்த்தார். முதலாளி முகம் ஒரு நிமிடம் எங்கேயோ போய்விட்டு வந்தது.

"அது யாவாரம் அம்மிணி."

"இது?"

"இது என்ற வண்டி."

பாம்பின் கால் பாம்பறியும் என்பார்கள். பில்லில் இத்தனை வரி இருக்க, அவர் கண் நேராகப் போய் லிட்டரில் விழுந்ததன் ரகசியம் அதுதான்.

*

கார் கம்பெனி முன்பக்கம் கண்ணாடி மாளிகை. ஏசி, காபி மிஷின், டையில்லாமல் யாரும் நடமாடாத தரை. மகுடேஸ்வரன் அங்கே போகவில்லை. கம்பெனி நடத்துகிறவர், உண்மை எப்போதும் பின்பக்கம்தான் இருக்கும் என்று தெரிந்தவர். நேராக வேலை நடக்கிற கொட்டகைக்குள் நுழைந்தார்.

அங்கே தூக்கி நிறுத்திய ஒரு காருக்கடியில் மெக்கானிக் ஒருவர் பனியன் வேஸ்டில் கை துடைத்துக்கொண்டிருந்தார். சட்டையில் ஆரோக்கியராஜ் என்று பெயர். பேச்சில் தூத்துக்குடி.

"ஏனுங்க தம்பி, ஹைபிரிட் வண்டியில கியர் ஆயில் எறக்கினா எவ்வளவு வடியும்?"

"மூணே முக்கா வரும் அண்ணாச்சி. நாலுன்னு வச்சிக்கிடுங்க."

"அப்பறம் ஊத்தறது?"

"வடிஞ்சது எவ்வளவோ அவ்வளவுதான் ஊத்தணும். கூட ஊத்தினா வண்டி வாந்தில்லா எடுக்கும்."

"கழுவறதுன்னு ஏதாச்சும் உண்டுங்களா?"

"இந்த வண்டிக்கா? கழுவ என்ன இருக்கு? பழசைத் தொறந்து வுடணும், புதுசை அடைக்கணும். அரை மணி நேர சோலி."

மகுடேஸ்வரன் பில்லை நீட்டினார். ஆரோக்கியராஜ் எட்டு என்பதைப் பார்த்தார். பிறகு மேலே கண்ணாடி அறையைப் பார்த்தார். பிறகு திடீரென்று, அவசரமாகக் கழற்ற வேண்டிய ஒரு சக்கரம் அவருக்கு ஞாபகம் வந்துவிட்டது.

"பாத்தீங்களா மாமா," என்றார் செல்வக்குமார்.

 அனுப்ரியா பார்த்துக்கொண்டிருந்தது மேலே. கண்ணாடிக்குப் பின்னால் முகிலன் நின்றிருந்தான். அவனும் இவர்களைப் பார்த்துவிட்டான். கையசைக்கவில்லை.

*

மேலே சர்வீஸ் கவுண்டரில் முகிலன் எழுந்து நின்று வணக்கம் சொன்னான். வீட்டில் 'மாமா' என்கிறவன், இங்கே "வாங்க சார்" என்றான். பக்கத்து நாற்காலியில் மேனேஜர் தமிழ்செல்வன் இருந்தார். நாற்பது வயது, நரைக்கு மை, சிரிப்புக்கு ஓய்வில்லை. "நாங்க முகிலனுக்குப் பொண்ணு ஊட்டுக்காரங்க," என்று செல்வக்குமார் அவரிடம் முந்திக்கொண்டார்.

"இந்த எட்டு லிட்டர்..." மகுடேஸ்வரன் பில்லைக் கவுண்டரில் விரித்தார்.

முகிலன் குரல் பாடம் ஒப்பிப்பது போல வந்தது. "அது ஃப்ளஷ் பேக்கேஜ் சார். பழைய ஆயிலைக் கழுவி எடுக்க நாலு லிட்டர். புதுசா நாலு லிட்டர்."

"கழுவினீங்களா?"

 முகிலன் மேனேஜரைப் பார்க்கவில்லை, அனுப்ரியாவையும் பார்க்கவில்லை. கம்ப்யூட்டர் திரையைப் பார்த்தான்.

"சார், சார்," என்று தமிழ்செல்வன் உள்ளே புகுந்தார். "நீங்க நம்ம முகிலனோட ஃபேமிலின்னு இப்பத்தான் தெரியும். பேக்கேஜ் எல்லா ஹைபிரிட்டுக்கும் சிஸ்டத்துலயே வந்துரும். உங்களுக்காக பாதி கொறைச்சிரலாம். முகிலன், டிஸ்கவுண்ட் போடுங்க."

"நான் கொறைக்கச் சொல்லி வரலீங்க. மிச்ச நாலு லிட்டர் எங்க போச்சுன்னு கேட்டுட்டுப் போக வந்தேனுங்க."

"சார், அது வந்து டெக்னிக்கல்..."

பின்னாலிருந்து ஒரு கட்டைக் குரல் குறுக்கே வந்தது. "ஏய்யா, என் வண்டிக்கு என்னாச்சு? சோறாக்கப் போகணும், சீக்கிரம் சொல்லு."

பாண்டியம்மாள். அருப்புக்கோட்டைப் பக்கத்திலிருந்து முப்பது வருடத்துக்கு முன்னால் தைத்த துணியைக் கைமடித்துக் கொடுக்கிற வேலைக்கு வந்தவர். இப்போது நாலு வேனில் கம்பெனி கம்பெனியாக ஆள் இறக்குகிற காண்ட்ராக்டர். மகுடேஸ்வரன் கம்பெனிக்கும் செக்கிங் ஆட்கள் அவர்தான் அனுப்புகிறார். மகன் வற்புறுத்தி வாங்கிக் கொடுத்த ஹைபிரிட் காரின் சாவியைக் கோழிக்கழுத்தைப் பிடிப்பதுபோலப் பிடித்திருந்தார்.

"எஸ்டிமேட் ரெடிம்மா," என்று தமிழ்செல்வன் சிரித்தார். "முகிலன், அம்மாவுக்குச் சொல்லுங்க."

முகிலன் திரையைத் திருப்பினான். அதே வரி. அதே எட்டு. அதே பதினோராயிரத்துச் சொச்சம்.

பாண்டியம்மாளுக்கு எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும். ஆனால் பூஜ்யங்களை எண்ணத் தெரியும். "ஆத்தீ, இம்புட்டா? ஏன்யா தம்பி, இதைப் போட்டாத்தேன் வண்டி ஓடுமா?"

 மகுடேஸ்வரன் முகிலனைப் பார்த்தார். செல்வக்குமார் முகிலனைப் பார்த்தார். மேனேஜரின் சிரிப்பு இருந்த இடத்திலேயே கொஞ்சம் இறுகியது. அனுப்ரியாவும் அவனைத்தான் பார்த்தாள். அவன் என்ன சொல்லப் போகிறானோ, அதைத்தான் அவள் புதன்கிழமை கழுத்தில் மாலையோடு பக்கத்தில் உட்கார்த்தி வைத்துக்கொள்ளப் போகிறாள்.

முகிலன் மௌஸை நகர்த்தினான். ஒரு சொடுக்கு.

"ஆயில் மாத்தோணுமுங்க அம்மா. ஆனா எட்டு வேண்டாம். நாலு போதும். ஆறாயிரத்துக்குள்ள முடிஞ்சிரும்."

"அப்ப முதல்ல போட்டிருந்தது?"

"அது... தேவையில்லீங்க."

பாண்டியம்மாள் அவனை மேலும் கீழும் பார்த்தார். நல்லது செய்கிறவனையும் சந்தேகமாகப் பார்க்கிற பழக்கம் இந்த ஊர் அவருக்குச் சொல்லிக் கொடுத்தது. "சரிய்யா. நாலே போடு. எழுதிக் குடு," என்று சொல்லிவிட்டுப் போய் உட்கார்ந்தார்.

தமிழ்செல்வன் எழுந்தார். சிரிப்பு அப்படியே இருந்தது. "முகிலன், ஒரு நிமிஷம் கேபினுக்கு வாங்க."

கேபின் கதவு மூடியது. கண்ணாடிக் கதவுதான், சத்தம் கேட்காது, ஆனால் எல்லாம் தெரியும். மேனேஜர் கை நீட்டி நீட்டிப் பேசினார். முகிலன் கையைப் பின்னால் கட்டி நின்றான். கடைசியில் கழுத்திலிருந்த அடையாள அட்டையைக் கழற்றி மேசைமேல் வைத்தான்.

*

அப்பாவும் மாமாவும் வண்டிக்குள் ஏசியில் உட்கார்ந்திருந்தார்கள். அனுப்ரியா வெளியே வேப்பமரத்தடியில் நின்றாள். முகிலன் தோள்பையோடு வந்தான். தவசி டயரில் காற்று பார்ப்பதுபோல மிகச் சரியான தூரத்தில் குத்துக்காலிட்டிருந்தார்.

"ஃபோனை ஏனுங்க எடுக்கலை?"

"மேனேஜர் பக்கத்துலயே இருந்தாரு."

"திங்கக்கிழமை எதுக்குக் கொண்டாரச் சொன்னீங்க?"

"திங்கக்கிழமை அவரு கோயமுத்தூர் மீட்டிங்குக்குப் போயிருவாரு. அந்த வரியை அழிச்சுட்டு நாலு லிட்டர் போட்டுக் குடுத்திருப்பேன். நேத்து அவரு தலைக்கு மேலயே நின்னுட்டிருந்தாரு, அனு. என்னால ஒண்ணும் முடியலை."

"எங்களுக்கு மட்டும் அழிச்சிருப்பீங்க."

அவன் தலை அசைந்தது. ஆமாம் என்றுதான்.

"மத்தவங்களுக்கு?"

"மாசத்துக்கு இத்தனை பேக்கேஜுன்னு டார்கெட் இருக்குது. கொறைஞ்சா சம்பளத்துல கை வெப்பாங்க."

"எத்தனை பேருக்குப் போட்டிருப்பீங்க?"

"எண்ணிப் பாத்ததில்லை."

அவள் விடவில்லை. துணியில் ஓட்டை கண்டால் விளக்குக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பார்க்கிற சாதி அவள். "இன்னைக்கு அந்தம்மாளுக்கு ஏன் அழிச்சீங்க? நாங்க நின்னுட்டு இருந்ததுனாலயா?"

முகிலன் பையின் வாரை இழுத்துவிட்டான். உனக்காகத்தான் என்று சொல்லியிருக்கலாம். மனசாட்சி என்றும் சொல்லியிருக்கலாம். இரண்டும் நன்றாக இருந்திருக்கும். இரண்டையும் அனுப்ரியா நம்பியிருக்க மாட்டாள்.

"தெரியலை," என்றான். "நெசமாவே தெரியலை."

பைக்கை உதைத்துக் கிளப்பிக்கொண்டு போனான்.

வண்டிக்குள் ஏறியதும் செல்வக்குமார் காத்திருந்தவர்போலச் சொன்னார். "என்ன நடிப்புங் மாமா! நம்ம முன்னாடி நல்லவனாட்டம் ஒரு சொடுக்குச் சொடுக்கினான் பாருங்க."

"நடிக்கறதுக்கு வேலையை உடுவானா?" என்றார் மகுடேஸ்வரன். கேட்டுவிட்டு அவரே யோசித்தார். "இல்லை, பனியன் கம்பெனி மருமகன் ஆகப் போறோம், இந்த வேலை எதுக்குன்னு உட்டுட்டானோ?"

சந்தேகத்துக்கு ஒரு கதவை அடைத்தால் இன்னொரு கதவைத் திறந்துகொண்டு வரும். அந்த வண்டியில் நாலு கதவும் திறந்திருந்தன.

*

மத்தியானம் விஷயத்தைக் கேட்ட சாந்தாமணி ஒரே வரியில் தீர்ப்புச் சொன்னார். "அப்ப ஆயில் காசும் போச்சு, பையன் வேலையும் போச்சு. மூணு பேரு போயி இதைத்தான் சாதிச்சுட்டு வந்தீங்களாக்கும்."

 அனுப்ரியா அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

நாலரை மணிக்குச் செல்வக்குமார், வீட்டுக்குள் சிக்னல் இல்லை என்று சொல்லிக்கொண்டு, வீதிமுனைப் பிள்ளையார் கோயில்வரை நடந்தார். அந்த வீட்டுக்குள் என்றைக்குச் சிக்னல் இல்லாமல் போனது? இருபது நிமிடம் பேசினார். திரும்பி வரும்போது நடையில் ஒரு லேசு.

ஐந்தரைக்கு சாந்தாமணியின் ஃபோன் அடித்தது. அவர் எப்போதும் ஸ்பீக்கரில்தான் பேசுவார். அந்த வகையில் வீதிக்குப் பெரிய உபகாரி. பல்லடத்திலிருந்து முகிலனின் அம்மா மாரக்காள்.

"ஏனுங்க சம்பந்தி, சாப்ட்டீங்களா?"

"ஆச்சுங்க. நீங்க?"

"எங்கீங்க சாப்படறது! என்ற பையன் பொழப்புல மண்ணள்ளிப் போடறதுக்குன்னே மூணு பேரு கார் கட்டிட்டுப் போனீங்களாமா? மேனேஜருகிட்ட நியாயம் கேட்டு வேலையை விட்டே தூக்க வெச்சீங்களாமா? உங்க தம்பிதானுங்க சொன்னாரு. பொண்ணு குடுக்க இஷ்டமில்லீன்னா சொல்லியிருக்கலாமுங்க. இப்பிடியா பண்றது?"

சாந்தாமணி தம்பியைத் திரும்பிப் பார்த்தார். தம்பி நூறு தேங்காயையும் ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டிருந்தார்.

மகுடேஸ்வரன் ஃபோனுக்குக் கை நீட்டினார். அதற்குள் அறையிலிருந்து வந்த கை அதை எடுத்துக்கொண்டது.

"அத்தை, அனு பேசறேனுங்க."

"சொல்லு கண்ணு," என்று அந்தப் பக்கம் குரல் இறங்கியது.

"ஆமாங்க. போனோமுங்க. பில்லைக் கேட்டது நாங்கதான். ஆனா வேலையை நாங்க கெடுக்கலீங்க. ஒரு அம்மாளுக்குப் பொய்க்கணக்கு எழுத மாட்டேன்னு அவரு அழிச்சாரு. அதுலதான் வேலை போச்சு. எங்க மாமா அதைச் சொல்லியிருக்க மாட்டாரு."

"அம்மிணி..."

"இன்னும் ஒண்ணுங்க அத்தை. இதுக்கு முன்னாடி எத்தனையோ பேருக்கு அவரு எழுதியும் இருக்கறாரு. அதையும் அவரே சொன்னாரு. எனக்குக் கோவம் இருக்குது. ஆனா புதன்கிழமை வேலையோட வந்தாலும் சரி, வேலையில்லாம வந்தாலும் சரி, நான் மண்டபத்துல இருப்பேனுங்க. கூட்டிட்டு வாங்க."

மாரக்காளின் பெருமூச்சுக்குப் பின்னால் ஆயிரம் கோழிகளின் சத்தம் கேட்டது.

"கூட்டிட்டு வாரதுக்கு அவன் ஊட்டுல இருந்தாத்தானே கண்ணு? மத்தியானம் வந்தான். ஒரு வாய் சோறு திங்கலை. நோட்டை விரிச்சு வெச்சுட்டு, ரெண்டு மணி நேரம் செல்லைப் பாத்துப் பாத்துப் பேரும் நெம்பருமா எழுதினான். என்னடான்னு கேட்டா, ஆயில் மாத்தின வண்டிக்காரங்கங்கறான். பைக்கை எடுத்துட்டுப் போயிட்டான். ஃபோனையும் நிறுத்தி வெச்சிருக்கறான். ஒவ்வொரு ஊடா போயி என்ன சொல்லப் போறான்? அந்த மேனேஜரு அவனைச் சும்மா உடுவானா? எனக்குப் பயமா இருக்குது அம்மிணி."

"நான் போயித் தேடிப் பாக்கறேனுங்க அத்தை." ஃபோன் அம்மாவின் கைக்குத் திரும்பியது. அனுப்ரியா ஆணியில் தொங்கிய கார் சாவியை எடுத்தாள்.

"எங்க போறே?" என்று செல்வக்குமார் எழுந்தார். "பொண்ணுப் புள்ள, நிச்சயத்துக்கு நாலு நாள் வெச்சுட்டு..."

அவள் அதற்குள் வாசலுக்கு வந்துவிட்டாள். தவசியைக் கூப்பிடவில்லை. தானே ஓட்டுகிற இருக்கையில் ஏறினாள்.

கண்ணாடியை இறக்கி ஏற்றுகிற நேரத்துக்குள் அந்தப் பக்கக் கதவு திறந்தது. மகுடேஸ்வரன் ஏறி உட்கார்ந்தார். காலில் செருப்பு இல்லை.

வண்டி சத்தமில்லாமல் கரண்டில் கிளம்பியது. வாய்க்கால் வீதியில் ஒரு நாய்கூடத் தலை தூக்கவில்லை. எங்கே போகிறோம் என்று அவர் மகளைக் கேட்கவில்லை. எதையும் கேட்காமல் மகுடேஸ்வரன் ஒரு வண்டியில் ஏறியதை இந்த வீதி அன்றைக்குத்தான் முதல் தடவையாகப் பார்த்தது.